ரோஜாக் குழுவின் ஆறாவது நிரை

அன்று எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்களை இப்போதும் ஒருவர் விடாமல் சொல்வேன். பெரிய சேர். நான்காம் ஐந்தாம் வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர். பதுளைக் கல்வி அலுவலகத்தில் இருந்து எங்களைப் பார்க்க வந்த கந்தோர் மிஸ். பெற்றோர் சார்பில், கோட்டுப் போட்டுக்கொண்டு, என் பெரியப்பா. சின்ன வகுப்புகளுக்கு அன்று விடுமுறை. மல்லிகை, தாமரை, சூரியகாந்தி, ரோஜா என்ற நான்கு குழுக்களிலும் சேர்த்து இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்து நான்காவது நான். என்னை உள்ளே இருந்தவர்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் எனக்கு இன்னும் குழப்பம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தேன். மண்டபத்துக்கு அரைச்சுவர்தான். அதனால் உள்ளே நடந்ததெல்லாம் தெரிந்தது, பேசியதெல்லாம் கேட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் என்றால் எனக்கு முன் வாங்கில் இருந்தவளின் பின்னல்தான். அதற்கு அப்பால் கரும்பலகை. டீச்சர் எங்கோ பயிற்சிக்குப் போய் ஒரு கிழமை கழித்து வந்தார். வந்த அன்றே மேசைகளை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போடச் சொன்னார். ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் மேசையைப் பார்த்தேன்.

“இனி நான் முன்னுக்கு நிண்டு படிப்பிக்கிறதில்லை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து படிக்கப் போறீங்கள்” என்றார் டீச்சர்.

டீச்சர் வேலையை விட்டுப் போகப் போகிறார், அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. ஒன்றுமில்லாததற்குக்கூட முன்கூட்டியே பயந்து வைப்பது அப்போதே எனக்குப் பழக்கம்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் வேண்டும் என்றார் டீச்சர். எங்கள் ரோஜாக் குழுவுக்குப் பெரியப்பா மகளைத் தலைவியாக்கினார். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவள் எழுந்து நின்று, தலைவி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

“உம்மட குழுவில எல்லாரும் பங்கெடுக்கினமோ எண்டு பார்த்துக்கொள்ளும். ஒருத்தரும் சும்மா இருக்கக் கூடாது.”

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. ஒருத்தரும் சும்மா இருக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்த வேலை. பெரியப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்கள் குனிந்திருக்க, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர் நாள் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

அன்றிலிருந்து அக்கா உட்காரவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் பின்னால் நின்றாள். “கதை குறையட்டும், கை ஓடட்டும்” என்றாள். குழுவில் ஒரு குறும்புக்காரப் பையன் இருந்தான். “கங்காணியம்மா, தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துரட்டா?” என்று கேட்பான்.

“தேத்தண்ணி பத்து மணிக்குத்தான். குனி.”

அவன் சிரித்துக்கொண்டே குனிவான். எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் ஒட்டுவதானாலும் வெட்டுவதானாலும் ரோஜாக் குழு முதலில் முடித்தது. சத்தமும் இல்லை. டீச்சர் மற்றக் குழுக்களைக் கூப்பிட்டு, “இவையைப் பாருங்கோ, எவ்வளவு ஒற்றுமையா வேலை செய்யினம்” என்று காட்டினார். ஒரு மாதத்துக்குள் நான்கு குழுவுக்கும் நான்கு கங்காணிகள் வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கம்பியூட்டர் வந்தது. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் அரைச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தது. டீச்சர் குழுவுக்கு ஒரு நாள் என்று பிரித்தார். எங்களுக்குப் புதன்கிழமை. ஆறு பேரும் சேர்ந்து ஒரு வீட்டுப் படம் வரைய வேண்டும் என்பது வேலை. எப்படிப் பிரிப்பது என்பதைக் குழுவே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டு டீச்சர் ஐந்தாம் வகுப்புப் பக்கம் போனார்.

அக்கா கண்ணாடித் திரையை விரலால் மேலிருந்து கீழாக ஆறாகப் பிரித்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை பிடித்துக் கொடுப்பார்களே, அதைப் போல. ஒருத்தர் நிரையில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. தன் நிரையை ஒழுங்காக முடிக்காதவருக்கு அன்றைக்கு ‘அரைப்பேர்’. மலையில் கொழுந்து குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான் பதிவார்கள், அதற்குப் பெயர் அது. எங்கள் குழுவில் அரைப்பேர் விழுந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பியூட்டரைப் பார்க்கலாம், தொட முடியாது. வலது கரையில் ஆறாவது நிரை எனக்கு. அதில் நான் ஒரு மரம் வரைய வேண்டும்.

அந்த மரத்தை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. பென்சிலால் வேலிப்பலகையில் கீறிக் கீறிப் பழகினேன். ஆனால் மவுஸைத் தொடும் நாள் எனக்கு வரவில்லை.

காரணம் இது. காலையில் மலைக்குப் போகிறவர்கள் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பெரட்டு கலைந்த பிறகு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்ப வேண்டியதுதான். அம்மா தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா கதவைத் திறக்கும்வரை காத்திருந்து, மேலே ஓடுவாள். வரவர ஆயம்மா கதவைத் திறப்பது பிந்திக்கொண்டே போயிற்று. ஒருநாள் அம்மாவுக்குப் பிந்திவிட்டது. பெரியப்பா திருப்பி அனுப்பிவிட்டார். தன் தம்பியின் பெண்டாட்டி என்று அவர் பார்க்கவில்லை. அம்மா கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு காம்பராவுக்குப் போவது என் வேலையாயிற்று. அம்மா நேரத்துக்குப் போனாள். நான் பிந்தினேன்.

அக்கா மணி அடித்ததும் பள்ளிக்கூடப் படியில் நின்றுவிடுவாள்.

“பெரட்டு கலைஞ்சிருச்சு” என்பாள்.

“இல்லக்கா, ஆயம்மா இப்பத்தான் கதவத் தொறந்தாங்க. ஓடித்தான் வாறேன், பாரு, மூச்சு வாங்குது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்கு வெள்ளன வா.”

கோபமாகச் சொல்ல மாட்டாள். பின்னேரம் லயத்தில் அதே அக்கா என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்ப்பாள். காலையில் அவள் தலைவி, அவ்வளவுதான். பெரிய சேர் சின்ன வகுப்புகளைக் கட்டி மேய்த்துக்கொண்டு மண்டபத்தின் அந்தக் கோடியில் இருப்பார். டீச்சரின் பஸ் பெரும்பாலும் மணி அடித்த பிறகுதான் கீழே வந்து நிற்கும். அவர் ஏறி வருவதற்குள் நான் புல்லுக்காட்டுக் குறுக்குப் பாதையில் பாதி வழி திரும்பியிருப்பேன். டீச்சர் வரவு கேட்டால், “ரோஜா அஞ்சு பேர் டீச்சர், ஒரு ஆள் வரல்ல” என்பாள் அக்கா. தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராதது யாருக்கும் அதிசயம் இல்லை.

சில நாட்கள் நேரத்துக்குப் போயும் சேர்ந்திருக்கிறேன். ஆனால் புதனில் ஒருநாளும் வாய்க்கவில்லை. “ஏன் பிள்ளை நேற்று வரேல்லை?” என்று டீச்சர் கேட்பார்.

“பிந்திருச்சு டீச்சர்.”

“நேரத்தோட எழும்பிப் பழகும்.”

சரி டீச்சர் என்பேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் சொல்லவில்லையா என்றால், சொன்னேன். அம்மா கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “பிந்தினா திருப்பத்தான் செய்வாங்க. நாளைக்கு இன்னும் வெரசா ஓடு” என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது என்பது என் அம்மாவுக்கும் தவறாகத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆனால் திருப்புவது அடிக்கடி ஆனதும் அம்மாவுக்குச் சலித்துவிட்டது.

“இப்பிடியே திருப்பினா எதுக்குப் போய்ச் சீரழியுற? பேசாம தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுலயே இரு. இந்தக் கிழமை மட்டும் போய்ப் பாரு. வர்ற கிழமைலருந்து நின்டுக்க.”

அப்பா பீடியை அணைத்துவிட்டு, “ஆமா, அதுவும் நல்லதுதான்” என்றார். என் படிப்பு அந்த இரண்டு வாக்கியத்தில் முடிய இருந்தது.

அந்தக் கிழமைப் புதன்கிழமைதான் கந்தோர் மிஸ் வந்தார். இருட்டோடு எழுந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காம்பராவில் கதவு பூட்டியிருந்தது. ஆயம்மாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். தம்பியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். படியில் அக்கா புது ரிப்பன் கட்டி நின்றாள்.

“பிள்ளையத் தூக்கிக்கிட்டு யாராச்சும் வேலைக்கு வருவாங்களா? மிஸ் வேற வராங்க. போ, போ.”

நான் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் அதோடு எல்லாம் முடிந்தது என்று தெரியும். குழாயடியில் நின்றுகொண்டேன். தம்பி ஈரக் கல்லைக் காட்டி இறக்கிவிடச் சொல்லி நெளிந்தான்.

உள்ளே மிஸ் ஒவ்வொரு குழுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிரித்த முகம். கையில் பேனாவோடு ஒரு தாள். டீச்சருக்குப் பெருமை தாளவில்லை. எங்கள் குழுவிடம் வந்ததும், “இதுதான் மிஸ் நான் சொன்ன குழு” என்றார். அக்கா கம்பியூட்டரில் படத்தைத் திறந்து காட்டினாள். கூரை, கதவு, ஜன்னல், பூச்செடி, வேலி. எல்லாம் வந்திருந்தன. வலது கரையில் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு பட்டை.

“நல்லா இருக்கே! இந்தப் பக்கம் மட்டும் ஏன் மகள் வெறுமையா விட்டிருக்கீங்க?” என்று கேட்டார் மிஸ்.

“அது ஆறாவது நெரை மிஸ். அந்த ஆள் வேலைக்கு வரல்ல.”

“அப்ப வேற யாராவது வரைஞ்சிருக்கலாமே?”

“ஒருத்தர் நெரையில இன்னொருத்தர் கை வைக்க ஏலாது மிஸ்.”

மிஸ் சிரித்தார். “அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையா?”

“சொகந்தான் மிஸ். பிந்தி வந்தா. திருப்பிட்டேன்.”

“திருப்பிட்டேன்னா?”

“வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். மணி அடிச்சதும் பெரட்டு கலைஞ்சிரும் மிஸ். பொறகு வந்தா எடுக்க மாட்டோம். வேலை கொறைஞ்சா அரைப்பேரு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அதனாலதான் எங்க குழு முந்தி முடிக்குது.”

கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன திருப்தி அவளுக்கு. மற்ற மூன்று தலைவர்களும், “நாங்களும் அப்பிடித்தான் மிஸ்!” என்று எழுந்து நின்றார்கள். விட்டால் வாய்ப்புப் போய்விடும் என்பதுபோல.

மிஸ் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆள் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்ன நடந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. அக்கா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே.

பெரியப்பாவுக்கும் புரியவில்லை. அவர் கோட்டை இழுத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். “எம்மகதாங்க மிஸ். சின்னதிலருந்தே ஆளுகள வச்சு வேலை வாங்குறதுல கெட்டிக்காரி.” சொல்லிவிட்டு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டார். சட்டென்று குரலை மாற்றி மகளைப் பார்த்தார். “ஏன் புள்ள, ஒன் சின்னம்மா மகளையா திருப்பின? சொந்தத் தங்கச்சிய?”

“நீங்க சின்னம்மாவத் திருப்பலியாப்பா?” என்றாள் அக்கா. “சொந்தம்னு பாத்தா வேலை கெட்டுப்போகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

பெரியப்பா கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி பூட்டினார்.

மிஸ் மெதுவாக, பயந்து பயந்து கேட்பதுபோலக் கேட்டார். “டீச்சர் பிந்தி வந்தா என்ன செய்வீங்க மகள்?”

அக்காவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. “டீச்சர் ஸ்டாப்பு ஆளு மிஸ். கூலியாள் இல்ல. மாசச் சம்பளம். ஸ்டாப்புக்குப் பெரட்டு இல்லயே.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தப் பிள்ளை இப்ப எங்க?” என்று கேட்டார் டீச்சர், யாரையும் பார்க்காமல். குறும்புக்காரப் பையன் குழாயடியைக் கையால் காட்டினான். எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பினார்கள். போகச் சொல்லியும் போகாமல் நின்றது பிடிபட்டுவிட்டது. தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மிஸ் அரைச்சுவர் வரை வந்துவிட்டார்.

“உள்ள வாங்க மகள்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அவள் அப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அக்கா, “சரி, வா” என்றாள். அதற்குப் பிறகுதான் நான் படியில் கால் வைத்தேன்.

டீச்சர் என் எதிரே முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். சேலை முந்தானை சிமெந்துத் தரையில் கிடந்தது. “இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னேனே டீச்சர். பிந்திருச்சுன்னு.”

டீச்சர் என்னையே பார்த்தார். சரியான பதில் எதுவென்று தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். தெரியாததால், “பிந்தினா திருப்புவாங்கதானே டீச்சர்” என்று சேர்த்துக்கொண்டேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என்னைக் கம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மடியில் தம்பி. டீச்சர் என் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தார். சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அடிமரத்தை இழுத்தேன். கை வழுக்கி, கோடு பக்கத்து நிரைக்குள் போய், வேலியை வெட்டிக்கொண்டு ஓடியது. “ஐயோ, என் நெரைக்குள்ள வந்துட்டா!” என்று கத்தினான் குறும்புக்காரப் பையன். கத்தியவன், ஒருவரும் ஒன்றும் சொல்லாததைக் கண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மிஸ் தேத்தண்ணீரும் குடிக்காமல் போனார். டீச்சர் நான்கு குழுத் தலைவர்களையும் உட்காரச் சொன்னார். நாளுக்கு ஒருவர் தலைவர், தலைவரும் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும், ஒருவரும் ஒருவரையும் திருப்ப முடியாது என்றார். பிறகு எனக்கு மட்டும், “எத்தனை மணிக்கு வந்தாலும் உள்ளுக்கு வாரும். தம்பியையும் கொண்டு வாரும். உம்மை ஒருத்தரும் கேக்கேலாது” என்றார். மண்டபத்தில் யாரிடம் என்றில்லாமல், “நான் சேர்ந்து படிக்கத்தானே சொன்னனான்” என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் பெரியப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். அக்கா அழுதுகொண்டே வந்தாள். “ஒருத்தரும் சும்மா இருக்கக் கூடாதுன்னு டீச்சர்தானே சொன்னாங்க? நான் சும்மாவா இருந்தேன்?” எனக்கும் அவள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. என் கை வலிப்பதைப் பார்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏற்றம் முழுவதும் தம்பியை அவளே தூக்கி வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்க மலைக்குக் கீழே உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போனபோது வேறு ஒரு காரணத்துக்காக என் படிப்பு நின்றது. ஆனால் அந்தக் கிழமை நிற்கவில்லை.

அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்குமுன்பே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை மூட்டாமல் அப்படியே நின்றாள்.

“பிந்திப் போனாலுமா?”

“ஆமாம்மா.”

“திருப்ப மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“பிள்ளையத் தூக்கிட்டுப் போனாலுமா? அரைப்பேர் கூடப் போட மாட்டாங்களா?”

“இல்லம்மா. யாரும் கேக்க ஏலாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.”

அம்மா கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து கழற்ற மறந்திருந்தாள். கயிறு நெற்றியில் அழுந்தியபடி இருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த டீச்சர் ஒருநாளைக்குக் காலையில நம்ம பெரட்டுக் களத்துப் பக்கம் வருவாங்களான்னு கேட்டுப் பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்குப் பெரட்டுக் களத்தில் என்ன வேலை? அங்கே கரும்பலகை உண்டா, கம்பியூட்டர் உண்டா? “அவங்க பஸ்ஸே மணி அடிச்ச பொறகுதாம்மா வரும். பெரட்டு அதுக்கு முந்தியே கலைஞ்சிருமே” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று சொல்லி, அம்மா கூடையை இறக்கி வைத்து, அடுப்பை ஊதக் குனிந்தாள்.